ஜெயபாரதி மேடமும் ஆண்கள் விடுதித் தண்ணீரும்

பொங்கலூரைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தப் பொறியியல் கல்லூரி. அங்கே முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிற ஜெயபாரதி, ஓர் ஆசிரியர் கூட்டத்தில் வாய் தவறி ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். லாரியில் தண்ணீர் வாங்குகிற நாம், நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னாலிருக்கும் புல்வெளிக்கு உச்சி வெயிலில் ஏன் தண்ணீர் பீய்ச்சுகிறோம் என்பதுதான் கேள்வி. கல்லூரித் தாளாளர் ராஜவேல் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அடுத்த வாரமே அவளைப் பசுமை வளாக ஒருங்கிணைப்பாளர் ஆக்கி, மேடையில் வைத்துப் பச்சைச் சால்வை போர்த்தினார்கள்.

"வாழ்த்துக்கள் மேடம். இனி ஞாயித்துக்கிழமையும் காலேஜ்தான் உங்களுக்கு," என்றார் பக்கத்து இருக்கைக் கணித ஆசிரியர். அவர் கேலி செய்கிறார் என்றுதான் ஜெயபாரதி நினைத்தாள்.

அவளுடையது தறி நெய்த குடும்பம். அப்பா காலத்திலேயே தறியை விட்டுவிட்டுப் பனியன் வேலைக்கு வந்துவிட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது மட்டும் நிற்கவில்லை. வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் இவள்தான். சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்வது பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கினாள். ஆராய்ச்சி நாட்களில் வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, நீலமும் சிவப்புமாகப் புட்டிகளில் தண்ணீர் பிடித்து வந்திருக்கிறாள். கல்யாணமானதும் அதே வீரபாண்டிக்கு வாழ வந்தாள். கணவன் குணா அங்கே ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்.

கல்லூரி வேலைக்கு அவள் வந்தது தற்காலிகமாகத்தான். ஆய்வகத்தில் நல்ல வேலை கிடைக்கும்வரை ஒரு வருடம் பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள். சேர்ந்த அன்று அலுவலகத்தில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து முனைவர் பட்டம்வரை அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் வாங்கி ஓர் உறையில் போட்டு, பேர் எழுதி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சரிபார்த்துவிட்டுத் தருவோம் என்றார்கள். எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருப்பதாகப் பேச்சு உண்டு. ஆனால் கேட்கப் போனவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். தேர்வு முடியட்டும், அட்மிஷன் முடியட்டும் என்பார்கள். வழக்குப் போட்டு வாங்கிய ஒருவரைச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஆசிரியர்கள் பேருந்தில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கதை உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட யாரும் வழக்குக்குப் போகவில்லை.

ஒருங்கிணைப்பாளர் ஆனபோது மரக்கன்று நடுவதும், பிளாஸ்டிக் வேண்டாம் என்று பலகை எழுதி மாட்டுவதும்தான் வேலை என்று ஜெயபாரதி நினைத்தாள். நிர்வாகமும் அதையேதான் நினைத்தது. இரண்டையும் செய்துவிட்டு, அடுத்து என்ன என்று வளாகத்தைச் சுற்றி வந்தபோது பெண்கள் விடுதிக்குப் பின்னால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்தாள். தொட்டிகள் இருந்தன, மோட்டார்கள் இருந்தன, பச்சை நிறத்தில் பெரிய பெயர்ப்பலகை இருந்தது. தொட்டியில் தண்ணீர் கறுத்துப் போய் அசையாமல் நின்றது.

பராமரிப்பு வேலை பார்க்கும் பெரியகருப்பன் அங்கே ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனிக்கு என்று வந்து, பிளம்பிங் பழகி, இங்கே நிலைத்துவிட்டவர்.

"இது ஓடறது இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ஆபீசர் வந்தா ஓடும் மேடம். அவுக கார் கேட்டத் தாண்டுனதும் நிப்பாட்டிருவோம். கரண்டு பில்லு ஏறுதுன்னு மேல வையிறாக."

"அப்ப தண்ணி எங்கே போகுது?"

"அந்தா, அங்கிட்டு," என்று சுவர்ப் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவர் குழாயைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

அதை ஓட வைத்தே தீர்வது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. படித்த படிப்புக்கு அந்தக் கல்லூரியில் கிடைத்த முதல் வேலை அதுதான். முதல்வர் ஞானசம்பந்தத்திடம் போய் நின்று, டேங்கர் செலவு குறையும் என்று சொல்லி, அவர் தாளாளரிடம் சொல்லி, ஒருவழியாக அனுமதி வந்தது. ஜெயபாரதியும் பெரியகருப்பனும் தொட்டியைக் காலி செய்து, அடைத்துக் கிடந்த குழாய்களை மாற்றினார்கள். ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு நிலையத்திலிருந்து, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்ச் சேற்றை டிரம்மில் ஏற்றிவந்து தொட்டியில் ஊற்றினார்கள்.

முதல் முயற்சி நாசமாய்ப் போனது. காற்றடிக்கும் மோட்டாரைப் போட்ட மறுநாள் தொட்டியிலிருந்து வெள்ளை நுரை பொங்கி, சுவர் ஏறி, விடுதி நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பிள்ளைகள் அதில் நின்று வீடியோ எடுத்துப் போட்டார்கள். நாற்றம் தாங்காமல் விடுதியில் காலைச் சாப்பாட்டைப் புறக்கணித்தார்கள். வகுப்பில் அவள் நுழைந்தாலே பின்வரிசையில் மூக்கைப் பொத்துவார்கள். எங்கே தப்பு என்று அவளுக்கும் தெரியவில்லை, பெரியகருப்பனுக்கும் தெரியவில்லை. பழைய பேராசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் சொன்னதைக் கேட்டு, காற்றைக் குறைத்து, விடுதித் துணி துவைக்கும் தண்ணீரைக் கொஞ்ச நாள் வேறு பக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல நுரை அடங்கியது. ஒரு நாள் காலையில் கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பார்த்தபோது அந்தப் பக்கம் நிற்கிற பெரியகருப்பனின் முகம் தெரிந்தது.

"குடிச்சிரலாம் போல இருக்கே மேடம்," என்றார் அவர்.

"குடிச்சிடாதீங்க," என்று அவள் சிரித்தாள். அந்தக் கல்லூரியில் அவள் அவ்வளவு மனம் விட்டுச் சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தத் தண்ணீர் வேப்பங்கன்றுகளுக்கும் புல்வெளிக்கும் போனது. டேங்கர் லாரிகள் வருவது குறைந்தது. தாளாளர் ராஜவேல் வெளியூர் விருந்தாளிகளை அழைத்துவந்து தொட்டியைக் காட்டினார். "எல்லாம் நம்ம மேடத்தோட வேலைங்க," என்பார். வெயிலில் அவர்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டு ஜெயபாரதி வகுப்புக்கு ஓடுவாள். விடுமுறை நாளில் மோட்டார் நின்றால் அவளுக்குத்தான் போன் வரும். குணாவின் தங்கை வீட்டுச் சீர் விசேஷத்துக்குப் போன இடத்தில், பாதிப் பந்தியில் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவள் இல்லாத நாளில் யாரும் அந்தத் தொட்டிப் பக்கம் போவதில்லை என்பது மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்திலிருந்து வேலை வந்தது. சாயக்கழிவு நீர் பற்றிய ஆராய்ச்சிதான். நேர்முகத் தேர்வு முடிந்து, அவளைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். அசல் சான்றிதழ்களைக் கொண்டுவந்து காட்டினால் சேர்ந்துவிடலாம்.

அவள் முதல்வர் ஞானசம்பந்தத்தின் அறைக்குப் போனாள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் திருச்செந்தூர் முருகன் படம் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல வேலைம்மா. போகணும் நீங்க. ஆனா என்னால எடுத்துக் குடுக்க முடியாதுங்க."

"நீங்க பிரின்சிபால் சார். ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

அவர் கண் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த முருகன் படத்துக்குப் போனது. பிறகு, "என்ற சர்ட்டிபிகேட்டும் அந்த பீரோவுலதாம்மா இருக்குது," என்றார்.

ஜெயபாரதிக்கு அதற்குமேல் அங்கே கேட்க ஒன்றும் இல்லை.

தாளாளரைப் பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ராஜவேல் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"போங்க மேடம், நீங்க வளர்றது எங்களுக்குப் பெருமைதானுங்க. ஆனா தர மதிப்பீட்டுக் குழு வருதுங்களே. பசுமை வளாகம்னு ஒரு பகுதியே இருக்குது. அதுக்கு உங்களை விட்டா ஆள் ஏது? விசிட் முடியட்டும், நானே என்ற கையால எடுத்துத் தர்றேன்."

விசிட் எப்போது என்று அவருக்கும் தெரியாது. ஆடியில் என்றார்கள், புரட்டாசிக்குத் தள்ளிப்போனது. தீபாவளிக்குப் பிறகு என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. கோயம்புத்தூர் ஆய்வகம் இரண்டு முறை அவளுக்கு அவகாசம் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அவள் போனில் நன்றி சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. காலையில் கல்லூரிப் பேருந்து பல்லடம் தாண்டும்போது எதிர்ப்பக்கம் கோயம்புத்தூர் பேருந்துகள் போகும். அவள் ஜன்னலோரம் உட்காருவதை விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னாத்தாள் வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் கல்லூரிப் பேருந்தில் ஏறப் போனபோது, வாசலில் காவலாளியோடு ஒரு விவசாயப் பெண்மணி வாதாடிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். கையில் மூடி திருகிய தண்ணீர் பாட்டில். காவலாளி ஜெயபாரதியைக் கை காட்ட, அவள் நேராக வந்து நின்றாள்.

"அம்மிணி, நீதான் இங்க தண்ணிக்கு டீச்சராமா?"

"சொல்லுங்க, என்ன வேணுமுங்க?"

"ஒண்ணும் வேண்டாம். இதை மோந்து மட்டும் பாரு."

பாட்டிலைத் திறந்து நீட்டினாள். திறந்ததுமே தெரிந்துவிட்டது. பெண்கள் விடுதித் தொட்டியில் நுரை பொங்கிய நாளில் வந்த அதே நாற்றம்.

"எங்க கெணத்துத் தண்ணி சாமி. உங்க பசங்க ஆஸ்டல் செவுத்துக்கு அந்தப் பக்கம் எங்க தோட்டம். சின்ன வெங்காயம் போட்டிருக்கறோம். வெங்காயத்தக் கூட உடு. மாடு மூஞ்சியத் திருப்பிக்குது. உங்க ஆபீசுல சொன்னா உள்ளயே உட மாட்டீங்கறாங்க."

ஜெயபாரதி அன்று அந்தப் பேருந்தில் போகவில்லை. பெரியகருப்பனைக் கூட்டிக்கொண்டு ஆண்கள் விடுதிக்குப் பின்னால் போனாள். அந்த விடுதி புதிதாகக் கட்டியது. அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பியிருந்தாள். அங்கே தரையைத் தோண்டி, அடியில் தளம்கூடப் போடாத ஒரு பெரிய குழி இருந்தது. மேலே பலகைக்கல் மூடியிருந்தது. குழாய் அதில் வந்து விழுந்தது. அதற்குப் பத்தடியில் சுற்றுச்சுவர். எட்டிப் பார்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தாள் பச்சையாகத் தெரிந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

பெரியகருப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான மேடம் குழாய் போட்டது. இங்கன இருந்து உங்க தொட்டி வரைக்கும் தோண்டணும்னா ரோட்டை ஒடைக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாக. எம்புள்ளையும் இவுக பாலிடெக்னிக்லதான் டிப்ளமா படிக்கிறான். பீசு சலுகையில."

மறுநாள் அவள் மறுபடியும் ராஜவேல் முன்னால் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குழியைப் பற்றி ஏற்கெனவே தெரியும் என்பதை மறைக்கவும் இல்லை.

"போட்டுடலாமுங்க மேடம். இப்ப ரோட்டை ஒடைச்சா விசிட் டைம்ல அசிங்கமா இருக்கும். முடிஞ்சதும் மொத வேலை அதுதான்." பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து தட்டச்சு செய்த அறிக்கை ஒன்றை எடுத்து வைத்தார். "தேதி வந்துடுச்சுங்க. அடுத்த மாசம். இதுல மட்டும் உங்க கையெழுத்து வேணும். அவங்க கெளம்புன அன்னிக்குச் சாயங்காலம் உங்க சர்ட்டிபிகேட் கவரை நீங்க வாங்கிட்டுப் போயிடலாம். பிரின்சிபால்கிட்டச் சொல்லிட்டேன்."

அறிக்கையில் ஒரு வரி இருந்தது. வளாகத்தின் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்படுகிறது என்று. 'முழுவதும்' என்ற சொல்லை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதை எடுத்துவிடலாமே என்றாள். "எடுத்துட்டா மார்க் போயிடுமுங்க," என்றார் அவர், அவளுக்காக வருந்துவது போல. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துப் பார்க்கச் சொன்னார்.

குணா சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் சமையல். அவள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"போட்டுக் குடு பாரதி," என்றான் அவன், திரும்பாமல்.

"பொய்யிங்க அது."

"தெரியுது. எங்க கம்பெனிக்கு பையர் ஆடிட் வர்றப்ப நான் என்ன பண்றேன்னு நெனைக்கற? ஆளுங்களுக்கு லீவு குடுத்தோம், டைமுக்கு வீட்டுக்கு அனுப்பறோம்னு எழுதி வெச்ச பேப்பரை நான்தான் எடுத்து நீட்டறேன். எனக்கு மட்டும் புடிச்சா செய்யறேன்?" துருவலைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்து உட்கார்ந்தான். "நீ அங்க போனதுல இருந்து மனசு உட்டுப் பேசறதே இல்ல. அந்தக் கெழவி கெணறு உன்னால கெட்டுப் போகல. நீ போடாட்டி இன்னொருத்தர் போடுவாரு. நீ வெளிய வந்துட்டா போதும் எனக்கு."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளால் மறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து வாசலில் சின்னாத்தாளைப் பார்க்காமல் இருக்க, பேருந்து உள்ளே வரும்வரை ஆய்வகத்திலேயே இருந்துகொள்வாள். ஒரு நாள் மட்டும் பேருந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தாள். சின்னாத்தாள் சாலையோரமாக எங்கிருந்தோ நல்ல தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு போனாள். பேருந்துப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

குழு வருகிற நாளில் கல்லூரி கல்யாண வீடு போல இருந்தது. வாழை கட்டி, கோலம் போட்டு, சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். ஆண்கள் விடுதிக் குழியின் மேல் மண் பரப்பி, தொட்டிச் செடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். குழுவில் மூன்று பேர். அவர்களில் ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து வந்த வயதான பேராசிரியை. முழங்கால் வலி போலிருக்கிறது, மற்றவர்கள் முன்னால் போக அவர் பின்னால் மெல்ல நடந்துவந்தார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் ஜெயபாரதி விளக்கம் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகியதுதான். ராஜவேலும் ஞானசம்பந்தமும் பக்கத்தில் நின்றார்கள். குழுத் தலைவர் குவளையில் தண்ணீரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் நகரத் தொடங்கினார்கள். அந்தப் பேராசிரியை மட்டும் உள்ளே வருகிற குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் கேட்பது போல ஆங்கிலத்தில், "பையன்கள் விடுதித் தண்ணீரும் இந்த வழியாகத்தான் வருகிறதா?" என்று கேட்டார்.

ஜெயபாரதியின் கை அந்தக் குழாயின் மேல் இருந்தது. ஆம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சாயங்காலம் உறை கையில் இருக்கும், அடுத்த வாரம் கோயம்புத்தூர்.

"இல்லை," என்றாள்.

"அப்படியானால் அது எங்கே போகிறது?"

"ஒரு குழிக்குப் போகிறது. அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறது. நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் இருப்பது சரியில்லை."

ஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பேராசிரியை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதைப் பார்க்கலாமா?" என்றார். தொட்டிச் செடிகளை நகர்த்த ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குப் போனபோது பீரோவின் சாவி தாளாளரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். தாளாளர் ஊரில் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து குணாவிடம் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வெகுநேரம் கழித்துப் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான்.

"ஏன் பாரதி?" என்று மட்டும் கேட்டான், சாப்பிடும்போது.

"தெரியலைங்க. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய்க்கு வரல."

வேலை போகும் என்று அவள் எண்ணினாள். உண்மையில் அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். வெளியே அனுப்புகிறவர்கள் சான்றிதழையும் கொடுத்துத்தானே அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. பிறகு முடிவு வந்தது. கல்லூரிக்கு எதிர்பார்த்ததைவிட ஒரு படி குறைவாக, ஆனாலும் நல்ல தரமே கிடைத்திருந்தது. பசுமை வளாகம் பற்றிய பகுதியில், ஒருங்கிணைப்பாளர் ஒளிவுமறைவில்லாமல் பேசியதைக் குழு பாராட்டியிருந்தது. ஆண்கள் விடுதியின் கழிவுநீரை உடனே இணைக்க வேண்டும், அடுத்த ஆண்டு அதைப் பற்றித் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

ஆசிரியர் கூட்டத்தில் ராஜவேல் அந்த வரிகளை வாசித்தார்.

"நம்ம மேடத்தோட நேர்மையால நம்ம காலேஜுக்குப் பேருங்க. மத்த காலேஜ்ல இருந்து இனி இவங்களைக் கொத்திக்கிட்டுப் போகப் பாப்பாங்க. நாம உடலாமுங்களா?"

எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் உண்மையாகவே சந்தோஷப்பட்டுத் தட்டினார்கள். ஜெயபாரதி எழுந்து நின்று கைகூப்ப வேண்டியிருந்தது. இந்த முறையும் ஒரு சால்வை போர்த்தினார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவருடைய அறைக்குப் போய், விசிட் முடிந்துவிட்டது, உறையைக் கொடுங்கள் என்றாள்.

"அடுத்த வருசம் அவங்களுக்குப் பதில் எழுதணுமுங்களே மேடம். நீங்கதான சொன்னீங்க, லைன் போடலைன்னு. போட்டு ஓட்டிக் காட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் உங்க சர்ட்டிபிகேட் பத்திரமாத்தான் இருக்கும்." இப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆரம்பிச்சவங்களே முடிக்கோணுமுங்க. அதுதான் முறை."

சான்றிதழ்கள் பேருந்தில் தொலைந்துவிட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கலாம் என்றான் குணா. அவனுடைய கம்பெனியில் ஒருவர் அப்படி வாங்கியிருக்கிறாராம். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாள் விடுப்பெடுத்துக் காவல் நிலைய வாசல்வரை போகவும் செய்தாள். தொலைந்த இடம் எது, எந்தப் பேருந்து, என்ன தேதி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறிக்கையில் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டு, அதைத் தன் வாயாலேயே உடைத்தாயிற்று. இதையும் எங்காவது ஒரு மேசைக்கு முன்னால் உளறிவிடுவோம் என்று பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

சித்திரை வெயிலில் ஜேசிபி வந்தது. ஆண்கள் விடுதியிலிருந்து சுத்திகரிப்பு நிலையம்வரை கல்லூரிச் சாலையைக் குறுக்கே வெட்டிப் பள்ளம் தோண்டினார்கள். ஜெயபாரதி தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெரியகருப்பன் பள்ளத்துக்குள் இறங்கி, குழாய்க்குச் சரிவு சரியாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் போன் அடித்தது. கோயம்புத்தூர் எண். ஜேசிபி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுற்றுச்சுவர்வரை ஓடினாள்.

அந்தப் பக்கம் பேசியவர் தயங்கித் தயங்கிப் பேசினார். இனியும் காத்திருக்க முடியாமல் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டோம், வருத்தமாக இருக்கிறது என்றார். "பரவாயில்லீங்க. இத்தனை நாள் காத்திருந்ததுக்கு நன்றிங்க," என்றாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அருகில் வராமல் இருக்க அது உதவியது.

"மேடம், சரிவு போதுமான்னு வந்து பாருங்க," என்று பெரியகருப்பன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்றாள். மறுபடி தோண்டினார்கள்.

குழாய் போட்டு மூடி, குழியையும் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்த அன்று, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னாத்தாள் எட்டிப் பார்த்தாள். காலுக்கடியில் ஏதோ போட்டு ஏறி நின்றிருப்பாள் போலிருக்கிறது, தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. ஜெயபாரதி அவள் பக்கம் போனாள். இத்தனை மாதம் கழித்து அவளை நேருக்கு நேர் பார்க்க இப்போதுதான் முடிந்தது.

"அடைச்சாச்சா அம்மிணி?"

"அடைச்சாச்சுங்க. இனி இந்தப் பக்கம் ஒரு சொட்டு வராது."

"தண்ணி எப்பத் தெளியும்?"

"உடனே தெளியாதுங்க. கெணத்தை எறைச்சு எறைச்சு உடணும். நல்ல மழை ரெண்டு பெஞ்சா மாறும்."

சின்னாத்தாள் தூர்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நன்றி எதுவும் தெரியவில்லை. இருக்க வேண்டும் என்று ஜெயபாரதி நினைக்கவும் இல்லை. ஒரு பட்டத்து வெங்காய விளைச்சல் போய்விட்டது, மாட்டுக்கு வெளியிலிருந்து தண்ணீர் சுமந்தாயிற்று.

"இந்த மோட்டரை மறுக்கா நிறுத்திப்போட்டா இங்கயேதான வந்து ரொம்பும்?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நிறுத்தினா குழாய்ல எதுத்துக்கிட்டு இங்க வந்துடும்."

"அப்ப நீ இருப்பீல்ல அம்மிணி? உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். நீ போன மக்காநாளே நிறுத்திப்போடுவாங்க."

பள்ளம் மூடிய மண்ணின் மேல் ஜேசிபி முன்னும் பின்னுமாக ஓடி அழுத்திக்கொண்டிருந்தது. பதிலுக்குக் காத்துக்கொண்டு சின்னாத்தாள் சுவர் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"இருப்பேனுங்க," என்றாள் ஜெயபாரதி.